தலையில்லாத குடைக்காரன்

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்தே கச்சான் காற்று. கல்முனை பஸார் தெருவின் புழுதி முழுக்க எங்கள் பல் கட்டும் லெப்புக்குள். மெழுகில் மண், பிளாஸ்டரில் மண், பிளேன்டீயில் மண். ஒரு மேல்வரிசை முடிந்தது. ஒரு கீழ்வரிசை கெட்டது. வரும்போது வாங்கியவை: பாண், நுளம்புத் திரி, அலுமாரிக் கண்ணாடி துடைக்க ஒரு துணி.

துணிக்கு இனி வேலை இல்லை.

அலுமாரிக்குள் என் பொம்மை வீரர்கள் பதினொரு பேரும் நிற்கிறார்கள். வைத்த இடத்தில், வைத்த வரிசையில். ஒருவருக்கும் தலை இல்லை. உடைத்துப் பிடுங்கியதாகவும் தெரியவில்லை. கழுத்துக் குழிகள் எல்லாம் சுத்தமாக இருக்கின்றன. அதுதான் இன்னும் எரிகிறது. ஆத்திரத்தில் உடைத்தால் அது மனிதக் குணம். ஆற அமர இருந்து ஒவ்வொன்றாகக் கழற்றுவது வேறு ரகம்.

மாமி குசினியில். "எனக்கொண்டும் தெரியா மகன். நான் மீன் வெட்டிக்கிட்டு இரிந்த."

பின்னறையில் மாமா. பேப்பரில் இருந்து முகத்தை எடுக்காமலே சொன்னார். "ஓம், நான்தான். தலை இல்லாட்டி அது சிலை இல்ல மருமகன். இனி நிண்டுட்டுப் போகட்டும்."

"தலையெல்லாம் எங்க?"

"ஷிபானாட கலியாணம் முடியட்டும். மறுகா கதைப்பம்."

கதைப்பமாம்.

பஸ்மியா சோறு போட்டாள். வலது கை விரல்கள் சிவந்திருந்தன. கேட்டேன். கறிச்சட்டி சுட்டுவிட்டதாம். வாப்பா செய்ததைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. மகள் அல்லவா.

சாப்பிடவில்லை. பிறகு பசித்தது, பாண் தின்றேன்.

ஜூலை 4, வெள்ளி

வெயில். ஜும்ஆவில் மாமாவுக்குப் பின்வரிசையில் நின்றேன். முடிந்ததும் ஸலாம் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

முழுவதையும் எழுதிவைக்கிறேன். நாளைக்கு யாராவது என்னைப் பைத்தியம் என்றால் எனக்கே காட்ட ஓர் ஆதாரம் வேண்டும்.

இவர்கள் ஒரு வெளிநாட்டுச் சித்திரக்கதையின் வீரர்கள். யாரும் கேள்விப்படாத கதை. நாலு புத்தகத்தோடு நின்றுபோனது, கம்பனியும் படுத்துவிட்டது. செய்த பொம்மைகளை அவர்கள் நாட்டுப் பிள்ளைகளே வாங்கவில்லை. விற்காததை என்ன செய்வது? சுனாமி வந்தது அவர்களுக்கு நல்லதாய்ப் போயிற்று. பெட்டி பெட்டியாகக் கட்டி எங்கள் தலையில் தள்ளினார்கள். பள்ளிக்கூட முகாமில் வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று. எங்கள் வளவில் கடல் விட்டுவைத்தது கிணற்றை மட்டும். என் கைக்கு வந்தது குடைக்காரன்.

பெட்டியில் இருந்த எழுத்தை யாருக்கும் வாசிக்கத் தெரியாது. நாங்களே பெயர் வைத்தோம். குடைக்காரன், மூணுகையன், லாம்பு மண்டையன், தபால்காரி, உப்புச்சட்டி. வளர்ந்த பிறகு இன்டர்நெட்டில் அவர்களின் உண்மைப் பெயர்களைப் பார்த்தேன். ஒன்றும் சரியில்லை. எங்கள் பெயர்களே பொருத்தம்.

குடைக்காரனின் சக்தி: அவன் நிற்கும் இடத்தில் மழை பெய்யாது. அவ்வளவுதான். பறக்க மாட்டான், அடிக்க மாட்டான். நாலாவது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஆறு பெருகிவர, ஒரு பாலத்தின் நடுவில் நின்று குடையை விரிக்கிறான். அதோடு கம்பனி பூட்டு. பாலம் தப்பியதா இல்லையா, இன்றுவரை எவனுக்கும் தெரியாது. பொம்மைகளோடு வந்த புத்தகத்தில் அந்தப் படத்தைப் பார்த்து, முகாமில் நாங்கள் ஆளுக்கொரு முடிவு சொல்லிச் சண்டை பிடித்தோம்.

மற்றப் பத்துப் பேரையும் நான் தேடி எடுத்தேன். கொடுத்தது எல்லாம் இந்தக் கரையில்தானே கிடக்க வேண்டும். மூணுகையன் ஒலுவிலில் ஒரு தோணி எஞ்சினில் கட்டிக் கிடந்தான். தபால்காரி கோமாரியில். நன்றாகக் காய்க்கும் தென்னைக்குக் கண்ணூறு படாமல் இருக்கக் கயிற்றில் தொங்கினாள். லாம்பு மண்டையன் சம்மாந்துறை அரிசி மில்லில் கதவுக்கு முட்டு. மூக்கு போனவனுக்கு மூக்கு, கை போனவனுக்குக் கை, எல்லாம் பல் கட்டும் அக்ரிலிக்கில் நானே செய்து பொருத்தினேன். முகத்துக்குச் சாயம் பூச வேண்டுமென்றால் வெந்நீரில் தலையை ஊறவைப்பேன், இளகிக் கழன்று வரும். பஸ்மியா பக்கத்தில் இருந்து பார்ப்பாள்.

கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்தபோது நான் கொண்டுவந்தது என் உடுப்பும் இந்த அலுமாரியும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய் இருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வழக்கம் என்பதால் கூசாமல் இல்லை. வீடு பஸ்மியாவின் பெயரில். மாமாவும் மாமியும் பின்னறைக்குப் போய்விட்டார்கள். போனார்களே தவிர முன்வீட்டை விடவில்லை. நான் ஓர் ஆணி அடித்தால் மாமா வந்து நிற்பார்.

போன மாதம் பஸ்மியாவின் தங்கை ஷிபானாவைப் பேசி மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா அஸர் தொழ ஹோலில் முஸல்லா விரித்தார். நிமிர்ந்தால் எதிரே மூணுகையன்.

"இதென்ன, வீட்டுக்குள்ள சிலையெல்லாம் வெச்சிரிக்கீங்க? மலக்குமார் எப்பிடி வாற?"

வானவர்கள் நுழையாத வீடு என்று அந்த ஒரு கதைதான். எங்களுக்கு இன்னும் பிள்ளை இல்லாததற்குக்கூட மாமி அன்று காரணம் கண்டுபிடித்துவிட்டார். மாமா எரித்துவிடச் சொன்னார். மாட்டேன் என்றேன். "அப்ப நான் எரிப்பன்" என்றார்.

எரிக்கவில்லை. தலையை வாங்கிவிட்டார். குடைக்காரனை அலுமாரியில் இருந்து வெளியே எடுக்க எனக்கு மனம் வரவில்லை. குடை மட்டும் விரிந்தபடி நிற்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

காற்று. லெப் பூட்டு. பின்வளவுக் குப்பைக் குழியைக் கம்பால் கிளறினேன்.

கிடைத்தவை: மீன் செதிள். உருகிய சீப்பு (லாம்பு மண்டையன் என்று நினைத்துக் கையாலேயே வாரி எடுத்தேன்). பிழையாக அச்சான கலியாண அழைப்பிதழ் ஒரு கட்டு. குழி ஓரத்தில் மண்ணெண்ணெய்ப் போத்தல், மூடி திறக்காமல்.

தலை ஒன்றுகூட இல்லை.

மதிலுக்கு அப்பால் பெண்கள்.

"என்னகா தேடுறாரு பஸ்மியாட புருசன்?"

"தலையாம்."

"யார்ர தலை?"

"அவர்ர பொம்மைர தலையாம்கா."

சிரிப்பு. சிரியுங்கள். உங்கள் வாய்களில் பாதிக்கு நான் கட்டிய பல்தான்.

பஸ்மியாவைத் திரும்பவும் கேட்டேன். "பொறுங்க மச்சான். கிடைக்கும்."

"எப்ப?"

"கலியாணம் முடியட்டும்."

வாப்பாவும் மகளும் ஒரே பாட்டு. உன் வாப்பா ஒரு கொலைகாரன் என்றேன். அவள் பாத்திரத்தைச் சத்தமாக வைத்துவிட்டு எழுந்து போனாள்.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். முதுகுக்குள் வேர்க்குரு. சைக்கிள் டியூப் மாற்ற வேண்டும்.

சேகரிப்பவர்களின் இணையக் குழுவில் படம் போட்டேன். தலை மட்டும் யாரிடமாவது இருக்கிறதா என்று என்னுடைய உடைந்த ஆங்கிலத்தில் கேட்டேன். ஒருவன் சிரிக்கும் முகம் போட்டான். இன்னொருவன், தலை இல்லாவிட்டால் அது குப்பை, குப்பை விலைக்கு வேண்டுமானால் உதிரிப் பாகத்துக்கு எடுக்கிறேன் என்றான். மூன்றாமவன், இவை இலங்கைக்கு எப்படிப் போயின, நம்ப முடியவில்லை, போலியாக இருக்கும் என்றான்.

போலியா? உங்கள் நாட்டில் விலைபோகாமல் கிடந்ததை பிணம் கிடந்த எங்கள் மையித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இப்போது அபூர்வப் பொருள் என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஊதுகிறவர்கள் நீங்கள். உங்கள் வீரர்களை உப்புக் காற்றிலும் மாட்டுச் சாணியிலும் இருந்து பொறுக்கிக் காப்பாற்றியவன் நான். குழுவில் இருந்து விலகிவிட்டேன்.

ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பச் சேர்ந்தேன். வேறு போக்கிடம் இல்லை.

ஜூலை 9, புதன்

அல்லாஹ் பெரியவன்.

மாமாவின் பல் உடைந்தது. லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ செய்யும்போது கழற்றிக் கழுவியிருக்கிறார். வழுக்கிச் சீமெந்தில் விழுந்திருக்கிறது. தேடிக் குனிந்தவர் தன் காலாலேயே மிதித்துவிட்டார். மேல்தட்டு நொறுங்கிவிட்டது, ஒட்ட வழியில்லை. மேல்வாயில் சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது.

இன்றைக்குச் சோறு ருசியாக இருந்தது. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

பல் இல்லாத மாமா: மேலுதடு உள்ளே போய், வயது பத்துக் கூடி, 'ஸ' எல்லாம் காற்றாகப் போகிறது. ஷிபானாவின் 'வலி', அதாவது பொறுப்பாளர், அவர்தான். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று சபையில் சொல்ல வேண்டியவர். பஸ்மியாவின் நிக்காஹ்வில் பள்ளிவாசல் தூண் அதிரச் சொன்னார். இப்போது சொன்னால் விசில்தான் வரும்.

வேறு லெப்புக்குப் போகலாம். போக மாட்டார். மருமகன் பல்லுக்காரனாக இருக்க வேறு ஆளிடம் பல் கட்டினால் ஊர் என்ன கதைக்கும் என்பது அவருக்குத் தெரியும். மஃரிப் தொழுகைக்குப் பிறகு முன்வீட்டுக்கு வந்தார். நின்றார். அலுமாரியைப் பார்க்கவில்லை.

"மருமகன், ஒரு பல்லுக் கட்டித் தரணும்."

"வேலை கூடிப்போச்சி மாமா. பாப்பம்."

பாப்பம் என்றபோது நாக்கு இனித்தது.

ஜூலை 12, சனி

கடும் வெயில். மூன்று நாள் இழுத்தடித்த பிறகு மாமாவை லெப்புக்கு வரச் சொன்னேன்.

"வாயைத் திறங்க மாமா."

தட்டில் அச்சுக் கலவையை நிறைத்து மேலண்ணத்தில் வைத்து அழுத்தினேன். அவருக்குக் குமட்டியது. கண்ணில் தண்ணீர். மூக்கால் மூச்செடுக்கச் சொன்னேன். கலவை இறுகும்வரை என் இரண்டு விரல் அவர் வாய்க்குள். இந்த மனிதர் வாய் திறந்தும் எனக்குப் புத்தி சொல்லாமல் இருந்த ஒரே நேரம் அதுதான். தேவைக்கும் கொஞ்சம் அதிகமாக வைத்திருந்தேன்.

போகும்போது என் தோளைத் தொட்டு, "கை பாரமில்லாம இரிக்கி" என்றார். நான் பிளாஸ்டரைக் குழைக்கத் தொடங்கினேன்.

பிளாஸ்டர் ஊற்றியாயிற்று. மாமாவின் வாய் இப்போது என் மேசையில்.

ஜூலை 15, செவ்வாய்

மெழுகில் பல் அடுக்கியபோது வந்த யோசனை. வந்ததும் எனக்கே கொஞ்சம் பயம்.

முதியோர் இல்லங்களில் பல் மாறிப்போகாமல் இருக்க, பெயர் எழுதிய சின்னத் துண்டைத் தட்டுக்குள் வைத்து மூடுவது எங்கள் தொழிலில் உண்டு. பெயருக்குப் பதிலாக முகம் வைத்தால்?

குடைக்காரன் வந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் பின்புறத்தில் அவன் முகம், சுண்டுவிரல் நகமளவு. பிறைத் தொப்பி, ஒற்றைப் புருவம் தூக்கிய பார்வை. கத்தரிக்கோலால் சுற்றி வெட்டினேன். வெட்டும்போது அட்டைக்காக வருந்தவில்லை என்பதை இங்கே எழுத வேண்டும்.

பிளாஸ்டருக்குள் மூடி, மெழுகை வெந்நீரில் உருக்கி வெளியேற்றி, இளஞ்சிவப்பு அக்ரிலிக்கை அழுத்தி, அண்ணத்தின் நடுவில் அவனை வைத்து, மேலே இன்னொரு மெல்லிய படை. பானையில் வேகவைத்தேன். தட்டை வெளியே எடுக்கும்போது வாய் அச்சு உடைந்தது. எப்போதும் உடையும்.

மெருகு போட்டேன். சாதாரணமாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் மட்டும் உள்ளே இருந்து பார்க்கிறான்.

என் வீரர்களின் தலையை எடுத்தீர்களே மாமா. இந்தாருங்கள், ஒரு தலை. ஓதுங்கள், உண்ணுங்கள், ஊருக்குப் புத்தி சொல்லுங்கள். எல்லாம் அவன் முகத்துக்குக் கீழே.

ஜூலை 17, வியாழன்

மேகம், மழை இல்லை. மாமாவுக்குப் பல் மாட்டினேன். ஒரு தடவை மாட்டியதும் பொருந்திவிட்டது. சுரண்ட வேண்டியிருக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சரியான மேல்தட்டு.

கண்ணாடியில் பார்த்தார். பஸ்மியாவின் நிக்காஹ்வில் சொன்ன வார்த்தைகளை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். ஒரு எழுத்தில்கூடக் காற்றுப் போகவில்லை. திரும்பவும் சொன்னார், இந்த முறை சத்தமாக. வெளியே பெஞ்சில் இருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள்.

"பொறந்த பல்லுப் போல இரிக்கி மகன்."

மருமகன் என்றுதான் கூப்பிடுவார். மகன் என்றது இதுதான் முதல் தரம். பல் கிடைத்ததும் பாசம். நான் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

கச்சான் திரும்பவும். வீடு முழுக்கக் கலியாண வேலை. சுவருக்குச் சாயம், வாசலுக்குப் பந்தல் கம்பு, குசினியில் பணியாரம் சுடும் பெண்கள் கூட்டம். உட்கார இடமில்லை.

மாமா பஸாரில் பார்க்கிறவனிடமெல்லாம் வாயைத் திறந்து காட்டுகிறாராம். "எங்கட மருமகன் கட்டின." இறைச்சிக்கடைக்காரன் சொன்னான்.

காலையில் குழாயடியில் பல்லைக் கழற்றிக் கழுவினார். ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குழாயடி மாமர நிழலில் இருக்கிறது. வெயில் படாது. எனக்கு நிம்மதியா ஏமாற்றமா என்று தெரியவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

இதை எப்படி எழுதுவது.

மாலையில் பஸ்மியாவோடு சண்டை. ஹோலுக்குச் சாயம் பூச அலுமாரியை நகர்த்தச் சொன்னாள். தலையை எடுத்த உன் வாப்பாவையே வந்து நகர்த்தச் சொல் என்றேன். அவள் தூரிகையைக் கீழே போட்டாள்.

"வாப்பா எடுக்கல்ல. நான்தான் எடுத்த."

முதலில் விளங்கவில்லை.

"அண்டைக்கு வாப்பா குழிக்குப் பக்கத்துல மண்ணெண்ணெயும் கொண்டுபோய் வெச்சிட்டாரு. எல்லாத்தையும் எரிக்கத்தான் இரிந்தாரு. நான் மத்ரஸாவுல ஓதித்தாற மௌலவியாட்ட ஓடிப்போய்க் கேட்ட. தலையக் கழட்டினா அது உருவம் இல்ல, வீட்டுல வெச்சிரிக்கலாம் எண்டு சொன்னாங்க. வந்து வெந்நீர் வெச்சி ஒவ்வொண்டா ஊறப்போட்டுக் கழட்டின. உடையாம. நீங்க செய்ற மாதிரி. கை வெந்துபோச்சி."

விரல்கள். கறிச்சட்டி இல்லை.

"அப்ப மாமா ஏன்..."

"நீங்க என்னய வெறுத்திருவீங்க எண்டு அழுத. அதுக்கு வாப்பா சொன்னாரு, 'அவர் ஏசுறதெண்டா என்னய ஏசட்டும். நான்தான் எடுத்த எண்டு சொல்றன், நீ வாயத் திறக்காத' எண்டு. தலையெல்லாம் வாப்பாட கடையிலதான் இரிக்கி. கலியாணம் முடிஞ்சதும் உங்கட கையில தந்து, லெப்புலயே ஒரு அலுமாரி அடிச்சித் தரணும் எண்டு பலகையும் சொல்லி வெச்சிரிக்காரு."

மாமாவின் அண்ணத்தில் இருப்பதைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை. கொலைகாரன் என்று சொன்னவன் நான்.

எனக்கு வருகிற கோபத்துக்கு இப்போது ஆள் இல்லை. மாமா மேல்தான் இன்னும் வருகிறது. ஏன் சொல்லவில்லை? வெறுக்க வசதியாக வந்து நின்றது யார் குற்றம்?

ஜூலை 24, வியாழன்

தட்டு கையில் கிடைத்தால் அரைமணி வேலை. முகத்தைச் சுரண்டி எடுத்து, குழியை நிரப்பி, மெருகு. ஞாயிறு நிக்காஹ். அதற்கு முன்னால் எடுத்தாக வேண்டும். அதை வாயில் வைத்துக்கொண்டு மகளைக் கையளிக்க அவரை விடக்கூடாது.

காலையில் போனேன். "மாமா, பல்லை ஒருக்காத் தாங்க. இன்னொரு மெருகு போடணும்."

"வேணாம் மகன். இத விட மெருகு என்னத்துக்கு?"

"ஓரத்துல குத்தும்."

"குத்துதே இல்லியே."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் பல்லைக் கோப்பையில் போட்டுவிட்டுத் தூங்குவார். போய் எட்டிப் பார்த்தேன். மாமி பக்கத்தில் உட்கார்ந்து பணியாரம் எண்ணிக்கொண்டிருந்தார். "என்ன மகன் தேடுறீங்க?" விசிறி என்றேன். விசிறியோடு திரும்பி வந்தேன்.

மாமி விசிறியைத் தந்தபோது சிரித்தார். நான் கோபிக்காமல் கதைத்ததில் சந்தோஷம். எல்லாரும் என்னோடு நல்லவர்களாக இருக்கிறார்கள். தாங்க முடியவில்லை.

ஜூலை 26, சனி

காற்றில் மாமரத்துப் பெரிய கொப்பு பந்தல்மேல் சாய, பந்தல்காரன் அதை வெட்டிவிட்டான். எனக்கு அது உடனே உறைக்கவில்லை. குழாயடியில் இப்போது வெயில்.

மாமா வழக்கம்போலப் பல்லைக் கழற்றிக் கழுவினார். தூக்கிப் பிடித்து ஊத்தை பார்த்தார். கை அப்படியே நின்றது. கொஞ்சம் திருப்பினார். பிறகு வாயில் வைக்கவில்லை. கைலேஞ்சியில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார். வாயை மூன்று தரம் கொப்பளித்தார். பிறகும் கொப்பளித்தார்.

பகலுக்குக் கஞ்சி மட்டும் குடித்தார். பல் முரசு நோகிறதாம், ஈறு.

"பாத்துத் தரட்டா மாமா?"

என்னைப் பார்த்தார். "நாளைக்குப் பிறகு பாப்பம்."

கண்டுவிட்டாரா? கண்டிருந்தால் ஏசியிருப்பார். மாமா ஏசாமல் விடும் ஆள் இல்லை. முரசு உண்மையிலேயே நோகலாம். புதுப் பல் நோவது உண்டு. கண்டிருக்க மாட்டார்.

சும்மா எழுதுகிறேன். கண்டுவிட்டார்.

ஜூலை 27, ஞாயிறு

நிக்காஹ். வெயில். ஆள் நிறைய.

மாமா வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. மேலுதடு உள்ளே போயிருந்தது. பல் இல்லாமல் வந்து பாயில் உட்கார்ந்தார்.

மௌலவி குனிந்து மெதுவாக, "ஹாஜியார், எனக்கு வக்காலத்துத் தாங்க. நான் சொல்லிர்றன்" என்றார். மாமா தலையை ஆட்டினார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். சொன்னார்.

விசில் வந்தது. ஒவ்வொரு 'ஸ'விலும் வந்தது. அவர் நிறுத்தவில்லை, அவசரப்படவும் இல்லை. முழுவதையும் சொல்லி முடித்தார். வீடியோக்காரன் உதட்டைக் கடித்துக்கொண்டான். எனக்குப் பின்னால் மாப்பிள்ளை வீட்டு ஆட்கள்:

"மூத்த மருமகன் பல்லுக் கட்டுறவராமே."

"அப்ப மாமனாருக்கு ஏன் பல்லில்ல?"

"காசு கேட்டிருப்பாரு."

சிரிப்பு. திரும்பி அடிக்க வேண்டும் போல இருந்தது. யாரை?

பெண்கள் பக்கத்தில் ஷிபானா அழுதாளாம். சந்தோஷத்தில் என்று சொன்னார்கள்.

சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு மாமா என்னை அறைக்குக் கூப்பிட்டார். கையில் ஒரு பால்மா டின். சொற்கள் காற்றோடு வந்தன, ஆனால் எல்லாம் விளங்கின.

"தலையெல்லாம் இரிக்கி மருமகன். எண்ணிப் பாத்துக்கங்க. ஒண்டு கூடுதலா இரிக்கும். அதையும் நீங்களே எடுத்து வைங்க."

பஸ்மியாவிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"அவக்கிட்ட என்னத்துக்கு? நீங்க ரெண்டு பேரும் இரிந்து வாழ வேணும்."

போய்விட்டார். வாசலில் யாரிடமோ பந்தல் கம்பைக் கழற்றுவது பற்றிச் சத்தம் போடத் தொடங்கினார்.

டின்னைத் திறந்தேன். ஒவ்வொரு தலையும் பஞ்சில் சுற்றியிருந்தது. லாம்பு மண்டையனுக்கு இரண்டு சுற்று, கண்ணாடி போல மெல்லிய மண்டை என்று யாரோ கவனித்திருக்கிறார்கள். குடைக்காரன் மேலேயே இருந்தான். கீறல் இல்லை. பதினொன்று. அடியில் லேஞ்சி. லேஞ்சிக்குள் தட்டு.

ஏசியிருக்கலாம். ஒரு அறை விட்டிருக்கலாம். ஊர் சிரிக்க விட்டுவிட்டு வந்து, என் தலைகளைப் பஞ்சில் சுற்றித் தருகிறார். இந்த மனிதர் வெறுக்கவும் விட மாட்டார்.

ஜூலை 28, திங்கள்

காற்றுக் குறைவு. பந்தல் கழற்றியாயிற்று. முற்றம் முழுக்க ஓட்டை.

தலை ஒன்றையும் இன்னும் மாட்டவில்லை. டின் அலுமாரிக்கு மேலே. பஸ்மியா கேட்டாள், பிறகு என்றேன். அவள் விரலில் இன்னும் தோல் உரிகிறது. களிம்பு வாங்கி வந்தேன்.

லெப்புக்கு எல்லாருக்கும் முன்னால் போனேன். பழைய தட்டில் கை வைக்க மாட்டேன், அதை அவர் இனி வாயில் வைக்க மாட்டார். புதிதுதான் கட்ட வேண்டும். அச்சு அன்றைக்கே உடைந்துவிட்டது. அச்சு வேண்டுமென்றால் வாய் வேண்டும்.

அச்செடுக்கும் தட்டையும் கலவையையும் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்கு வந்தேன். மாமா பின்னறையில் ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவைத்துக்கொண்டிருந்தார். கலவையைக் குழைத்தேன். கொஞ்சம் பாயில் சிந்தியது. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன்.

"வாயைத் திறங்க மாமா" என்றேன்.

என் கையைப் பார்த்தார். கலவையைப் பார்த்தார். உள்ளே வேறு ஏதும் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

திறந்தார்.